சிவப்பு நூல் கட்டிய செருப்பு

கொட்டிவாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியவன் நான். ரேஷன் கடைக்குக் கூரை போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மண் சுமந்து, மேஸ்திரியாகி, யார் கையையும் எதிர்பார்க்காமல் குடியிருப்போர் சங்கத்து மனையில் முதியோருக்குப் பகல்நேரக் கூடம் எழுப்பியவனும் நானே. சமையலறைகூட உண்டு. நடத்தத்தான் ஆள் இல்லை.

"இந்த மாசத்துக்குள்ள ஒரு டிரஸ்ட்ட கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா ஜிம்முக்கு வாடகைக்கு விட்டுடுவோம்" என்றார் சங்கச் செயலாளர். முதியோர் இல்லம் நடத்தும் மூன்று டிரஸ்ட்டுகளுக்குப் போன் போட்டு, வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஒன்பது மணி. திருவான்மியூருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர், ஏழு கிலோமீட்டர். குளத்தை ஒட்டிய சந்தில் முதல் டிரஸ்ட். எந்த இடத்தையும் நான் வாசல் செருப்பை வைத்துத்தான் எடைபோடுவேன். தேய்ந்த செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் புழங்குகிறது. கட்டட வேலையில் பழகிய வித்தை. இங்கே ஒரு வரிசையே கிடந்தது. ஒன்றில் அறுந்த வாருக்குப் பதிலாகச் சிவப்பு நூல்.

"வாங்கோ மாமா. எல்லாரும் நம்மாத்து மனுஷா மாதிரிதான். தினம் பார்த்துண்டிருக்கோம்" என்றார் நிர்வாகி அம்மாள். சுவரோரம் முதியவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்த, ஒரு கண்ணில் பூ விழுந்த கிழவி மட்டும் "நல்லா பாத்துக்கிறாங்க" என்றாள்.

தி.நகருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"இன்னா பெருசு, முதியோர் இல்லம் தேடிக்கினு கீற? புள்ள தொரத்திட்டானா?" என்றான் ஓட்டுநர்.

"சேர வரலடா, சேக்க வந்திருக்கேன்" என்றேன்.

பகல் பன்னிரண்டு. இரண்டாவது டிரஸ்ட். முதல் மாடி வாசலில் அதே சிவப்பு நூல் செருப்பு. உள்ளே அதே முகங்கள், அதே வரிசை. கிழவி என்னை முன்பின் பார்க்காதவள் போலப் பார்த்தாள். "நல்லா பாத்துக்கிறாங்க" என்றாள், இம்மி பிசகாத அதே குரலில்.

"அஞ்சு வருஷமா எங்ககிட்டயேதான் இருக்காங்க, சார்" என்றார் நிர்வாகி.

சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று கீழே வந்து ஒரு டீ குடித்தேன்.

மாலை நாலரை, அடையாறில் மூன்றாவது டிரஸ்ட். ஜன்னல் எல்லாம் சாத்திய வீடு. மணி அடிக்குமுன் கீழே பார்த்தேன். சிவப்பு நூல். உள்ளே அரை இருட்டில் அத்தனை முகங்களும் ஏற்கெனவே வாசலை நோக்கி இருந்தன. நிர்வாகி காபி எடுக்கப் போனதும் கிழவியிடம் குனிந்தேன்.

"அம்மா, நீ மனுஷிதானா?"

உதடு அசையாமல் பேசினாள். "இன்னா நைனா, மூணு வாட்டி பாத்தும் புரியல? ஆள் பாக்க வராங்கன்னா வேன்ல இட்டாந்து குந்த வெக்கிறாங்க. எங்களுக்கும் ஒரு வேள சோறு கீது. சண்ட போட்டு அத்த கெடுத்துடாத."

என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"சோறு நான் போடறேன். கொட்டிவாக்கத்துல கூடம் இருக்கு. நீங்களே நடத்துங்க."

"டிரஸ்ட்டு?"

"நீங்கதான் எனக்குக் கூட்டு."

எல்லாத் தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. விலாசம் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கூடத்துக்குப் போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் மடியில். வாசலில் அதே வரிசையில் செருப்புகள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சமையலறைப் பின்கதவுக்கு நான் இன்னும் தாழ்ப்பாள் வைக்கவில்லை என்பதே மறந்துபோனது.

"அரிசி எங்க வெச்சிக்கீற, நைனா?" என்றது கிழவியின் குரல்.

எப்படி வழி கண்டார்கள் என்று கேட்டேன். சிரித்தாளே தவிர, இன்றுவரை சொல்லவில்லை.

செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு ஜிம் பேச்சை விட்டார். இப்போது, 'சங்கத்தின் முயற்சியால்' என்று கல் வெட்டப் போகிறார்களாம். மூன்று வாசலிலும் அந்தச் செருப்பைக் கண்டுகொண்டவன் நான். அந்தச் சில்லிட்ட கையை உதறாமல் நின்றவன் நான். என் பெயர் முதல் வரியில், உள்ளங்கை அகல எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கல்லைப் பதிக்க ஒரு கரண்டி சிமென்ட்கூடக் கலக்க மாட்டேன்.