டாக்டருக்குப் புரியாத வெப்ராளம்

போன மாதம் ஒரு காலை. எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு பஸ் ஏர் ஹார்ன் அடித்தது. சமையலறையில் 'டங்'! என் மனைவி ஸ்டெல்லாவின் கையில் இருந்த புட்டுக்குழாய் தரையில். புட்டு சிதறியது போகட்டும்... ஸ்டெல்லா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, நான் வேலைய விடப்போறேன்."

ஹார்ன் அடித்தது பஸ். ராஜினாமா செய்வது ஸ்கூல் டீச்சரா?

விசாரித்தேன். முந்தின நாள் வகுப்பில் ஒரு பிள்ளை பென்சிலைக் கீழே போட்டதாம். அந்தச் சத்தத்துக்கே இவள் கத்த, பிள்ளை அழ... "பிள்ளைய எல்லாம் என்னக் கண்டா பயப்படுது. ஒறக்கமே இல்ல. எப்பவும் ஒரு வெப்ராளம்" என்றாள். பாடம் நடத்துவதென்றால் அவளுக்கு உயிர். அதையே விடுகிறேன் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது நாகர்கோவிலில், வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். எல்லாமே கைக்கெட்டும் தூரம் என்று பெருமையாக வாங்கிய ஃப்ளாட். காதுக்கெட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கும் என்று யார் யோசித்தது?

டாக்டரிடம் போனோம். சேலத்துக்காரர். சின்ன வயது, ஊருக்குப் புதிது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒரே வெப்ராளமாட்டு இருக்கு டாக்டரே."

"வெப்பமா?"

தெர்மாமீட்டர் வாய்க்குள் போனது. நார்மல்.

"உடம்புச் சூடா இருக்கும். மோர், இளநீர் நிறைய குடிங்க."

ஸ்டெல்லா ஒரு வாரம் ஒழுங்காகக் குடித்தாள். ஜலதோஷம் பிடித்தது. வெப்ராளம் போகவில்லை.

மறுபடி டாக்டர். இந்த முறை நானே விளக்க இறங்கினேன். படபடப்பு? அது மட்டுமில்லை. பயம்? எதைக் கண்டு? எரிச்சல், அவசரம், தவிப்பு — எல்லாம் சேர்த்து, கூடக் கொஞ்சம். வாராவாரம் பத்திரிகையில் பக்கம் நிரப்புகிற ஆசாமி, ஒரு வார்த்தைக்கு மாற்று வார்த்தை கிடைக்காமல் திணறுகிறேன்!

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஓர் ஏர் ஹார்ன். டாக்டர் துள்ளி எழுந்தார். பேனா ஒரு பக்கம், ஸ்டெதஸ்கோப் ஒரு பக்கம். கை நெஞ்சில்.

ஸ்டெல்லா விரலை நீட்டினாள். "இதாக்கும் டாக்டரே! இதாக்கும் வெப்ராளம்!"

டாக்டர் விழித்தார். "இதுவா? இந்த ஊருக்கு வந்ததுலேருந்து எனக்கும் இருக்கே... பேருதான் தெரியல."

பிறகு சீரியஸாகப் பேசினார். ஓயாத சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால், மனசு எந்நேரமும் ஓர் அடிக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கும். கவுன்சலிங்குக்கு அனுப்பினார். ரோட்டுப் பக்க பெட்ரூமிலிருந்து கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னார். "வேலையை விடறதை அப்புறம் யோசிக்கலாம். முதல்ல தூங்குங்க."

டவுனில் இருக்கும் நம்மைக் கேட்டால், சத்தமெல்லாம் பழகிவிட்டது என்போம். காது பழகியிருக்கலாம். மனசு பழகியதா என்று யார் கேட்டோம்?

கட்டில் மாறியது. ஸ்டெல்லா தூங்குகிறாள். இந்த வாரம் வகுப்பில் யாரோ டிபன் பாக்ஸையே கீழே போட்டார்களாம். "எடுத்து வை மக்களே" என்று மட்டும் செல்லமாகச் சொன்னாளாம். ராஜினாமா பேச்சே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நன்றி சொல்லலாம் என்று கிளினிக்குக்குப் போனோம். டாக்டரின் நாற்காலி காலி.

ரிசப்ஷன் பெண் சொன்னாள்: "கொஞ்சம் வெப்ராளமாட்டு இருக்குண்ணு லீவு போட்டுட்டு சேலத்துக்குப் போயிருக்காவ சார்!"