அத்திப்பள்ளியில் இருக்கிறார்

நான் செய்த ஆப்பை மொத்தம் பதினோரு பேர்தான் போனில் வைத்திருந்தார்கள். என் வீட்டார், என் மனைவி வீட்டார், மத்திகிரியில் எங்களோடு ஒரே லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். மானம் போவதற்கு அவ்வளவு பேர் போதும்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபைல் சர்வீஸ் கடையில் டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜர் பின் மாற்றுவது இதுதான் வேலை. கட்டங்களை இழுத்து ஒட்டியே ஆப் செய்யலாம் என்று வீடியோவில் பார்த்து, ஒரு வருஷம் முட்டி மோதிச் செய்தேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை. யாருக்கு எப்போது போன் போடுவது என்று தெரியாது. அதனால் போனே பார்த்துச் சொல்லிவிடும்: இவர் வேலையில் இருக்கிறார், இவர் பஸ்ஸில் போகிறார், இவர் தூங்குகிறார், இன்ன ஊரில் இருக்கிறார். கேட்டவர்களிடம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னேன். உண்மையான காரணம் என் பயம். கம்பெனி பஸ் பத்து நிமிஷம் தாமதமானாலே தெருமுனைக்குப் போய் நிற்பேன். என் மனைவி வேலை செய்யும் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த எட்டு மணி நேரமும் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘வேலையில் இருக்கிறார்’ என்று பச்சை எழுத்தில் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு டிஸ்ப்ளே மாற்றி முடிப்பதற்குள் நாலு தடவை பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பார்த்தால், ‘அத்திப்பள்ளியில் இருக்கிறார்’ என்று இருந்தது. அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகும் வழியில், கர்நாடகம். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு தடவை போட்டேன்.

அதற்குள் உத்தனப்பள்ளியிலிருந்து அவள் தம்பி கூப்பிட்டான். தக்காளித் தோட்டத்தில் நின்றுகொண்டே பார்த்திருக்கிறான்.

“என்னா மாமா, ஜோடியா பெங்களூரு கிளம்பிட்டீங்களா? எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்றதில்ல?”

“நான் கடையிலதான் இருக்கேன் மாப்ள.”

அவன் சிரிப்பு பட்டென்று நின்றது. நான் வண்டியை எடுத்தேன்.

அவளுக்கு ஏதோ விபத்து என்று பயந்து போனதாகப் பிறகு சொல்லிக்கொண்டேன். பாதி வழி வரைக்கும் அது உண்மைதான். மீதி வழியில், யாரோடு போயிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி நோட்டைப் பார்த்துவிட்டுப் பாதிக் கன்னடத்தில் சொன்னார்: “காலையிலயே பஞ்ச் ஆகியிருக்கு சார். உள்ள இல்லாம எல்லி ஹோகுவாங்க, எங்க போவாங்க?”

அதோடு திரும்பியிருக்கலாம். “இல்லங்க, நேர்ல ஒரு தடவை பாத்துடறேன்” என்றேன்.

மெஷின் லைனிலிருந்து அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலையில் தொப்பியும் நீலக் கோட்டுமாக ஓடி வந்தாள். பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார்.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எங்கேயோ சாவு என்று நினைத்திருக்கிறாள்.

நான் என் போனைக் காட்டினேன். படித்தாள். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகர ஷெட்டைக் காட்டினாள். “அதோ, அந்த இரும்பு பீரோல இருக்குது என் போனு. இன்னைக்குத்தான் அங்க மாத்துனாங்க.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தகரக் கூரைக்கும் இரும்புக்கும் உள்ளே இருக்கிற போன் எந்த டவர் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே கிடைத்தது எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர். ஓசூரில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கே கர்நாடகம் வரவேற்கிறது என்று மெசேஜ் வரும். இதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ முறை நானே விளக்கியிருக்கிறேன்.

டீ குடிக்க வெளியே வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். “அக்கா, அண்ணன் அட்டெண்டன்ஸ் எடுக்க வந்திருக்காரு, உள்ளேன் ஐயா சொல்லிட்டு வா!” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர், “வீட்ல எதாச்சும் பிரச்சனையாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். ஏழு வருஷமாக அந்தக் கம்பெனியில் நல்ல பெயரோடு இருந்தவள். ஒரு நாளும் அவளை யாரும் கேட்டுக்குக் கூப்பிட்டதில்லை. “ஒன்னுமில்ல சார்” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும், அவள் சொல்லாமலே நான் ஆப் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தேன். “டவர் தப்பா காட்டிடுச்சு, அவ கம்பெனியிலதான் இருந்தா” என்றேன். இரண்டு மூன்று பேரிடம் சொன்னதும் பேச்சு நன்றாகப் பழகிவிட்டது. சிரிக்கக்கூட வந்தது. அவள் தம்பியும் நம்பிவிட்டான். கேட்டுக்குப் போனதை ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

அவள் கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டவரு பண்ண தப்பா?”

“ஆமா, அதானே சொல்றேன்.”

“டவரா கேட்டுக்கு வந்துச்சு?”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“என் தம்பிக்கு மறுபடி போடுங்க” என்றாள். “ஸ்பீக்கர்ல.”

போட்டேன். “மாப்ள, உங்க அக்கா மேல சந்தேகப்பட்டு நான் கம்பெனிக்கே போயிட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டுக்குக் கூப்பிட்டேன்” என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவன், “அக்காட்ட குடுங்க” என்றான். மாமா என்று சொல்லவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பேசினாள், ரொம்ப நேரம். என்ன பேசினாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.