வயிற்றில் சாக்பீஸ் புள்ளிகள்

தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு முதல் சட்டை தைத்துக் கொடுத்தவள் நம் தையல்காரி. தன் பிள்ளைக்கென்று ஒரே ஒருமுறைதான் துணி வெட்டினாள். அந்தக் கரு ஐந்தாம் மாதமே கலைந்துவிட்டது. அடுத்த இரண்டும் அப்படியே. வாய் ஓயாமல் பேசுகிறவள், அதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள்.

நாலாவது முறை உண்டானபோதுதான் ஒரு டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்து விஷயத்தைச் சொன்னார். இவள் உடம்பே இவளுக்கு எதிரியாம். ரத்தம் வேண்டாத இடத்தில் உறைந்து, நஞ்சுக்கொடியை அடைத்து, பிள்ளைக்குப் போக வேண்டியதைப் போகவிடாமல் செய்கிறதாம். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, வயிற்றில் தானே போட்டுக்கொள்ள ஓர் ஊசி. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்.

"நான் பாக்காத ஊசியா?" என்றாள் இவள். பஸ் ஓட்டுகிற புருஷனோ, ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக, ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் நாற்காலியோடு சரிந்தார். முதல் வைத்தியம் அவருக்குத்தான் நடந்தது.

போட்ட இடத்திலேயே போடக்கூடாது என்றார்களா, கொக்கி வைக்கக் குறிப்பது போல வயிற்றில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரிதான். ஆனால் மூன்றே வாரத்தில் வயிறெல்லாம் ரத்தம் கட்டி நீலமானது. இதுவும் போச்சு என்று அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"எப்படிப் போடுறே, காட்டு" என்றார் நர்ஸ் அக்கா.

போட்டாள். போட்ட கையோடு, தையல் படியட்டும் என்பது போலக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அடிப்பாவி! இது என்ன ஜாக்கெட் துணியா? தேய்க்கவே கூடாது!"

"கைப்பழக்கம்க்கா... பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை."

சிரித்தபடியே அழுதாள். அன்றிலிருந்து ஊசி போட்டதும் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வது புருஷன் வேலை. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான்.

எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் எகிறி, அவளுக்குக் கண் மங்கியது. அவசரமாக அறுத்து எடுத்தார்கள். பெண். ஒன்றேமுக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாலும் குரல் வாசல்வரை கேட்டது.

ஆறாம் நாள் குழந்தையை அவள் நெஞ்சின் மேல் போட்டார்கள். இரண்டு கையும் அதன் மேல்தான். ஊசி போடும் நேரமும் வந்தது.

"ஏங்க, நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்க."

புருஷன் கையைக் கழுவிவிட்டு வந்து தானே ஊசியை எடுத்தார்.

"கண்ணைத் திறந்துகிட்டா?"

"மூடிக்கிட்டு எப்படிம்மா போடறது?"

கண்ணைத் திறந்தபடியே சரியாகப் போட்டார். விழவில்லை. பழக்கதோஷத்தில் அவள் கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டார்.

அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரும்போது என் இஞ்சு டேப்பை எடுத்துட்டு வாங்க," என்றாள். "இவளுக்கு அளவெடுக்கணும்."