தலைக்கு ஒரு பிடி சாமை

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பச்சைமலை மேல் ஒரு சின்ன ஊரில் ஓராசிரியர் பள்ளி வாத்தியார் நான். அந்த ஊருக்கு வேறு யார் ஏறி வருவார்கள்? படிவமும் பேனாவும் கையில் வந்ததும் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

அங்கே விளையும் சாமையும் தினையும் ஆறு மாதத்துக்குத்தான் வரும். பொங்கல் கழிந்ததும் பாதி ஊர் கரும்பு வெட்ட எறையூர்ப் பக்கம் இறங்கிவிடும். போகிறவர்கள் வாசலில் ஒரு முள்கிளையைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதுதான் பூட்டு. நான் கணக்கெடுக்கக் கிளம்பிய அன்று வீட்டுக்கு வீடு முள்தான் கிடந்தது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கூடவே வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எத்தனை உயிர் என்பது அவருக்கு அத்துப்படி. மாரியம்மன் கூழுக்குத் தலைக்கு ஒரு பிடி சாமை அளப்பவர் அவர்தான். கைக்குழந்தைக்கும் ஒரு பிடி உண்டு, வெளியூர் போனவருக்கும் உண்டு.

தன் மகன் வீட்டு முள்ளுக்கு முன்னால் நின்று, "எம் மவனையும் மருமவளையும் எழுதிக்கங்க சார்" என்றார்.

"இங்க இல்லாதவங்கள எழுதக்கூடாதுங்க. அவங்க இருக்குற எடத்துல எழுதிக்குவாங்க."

"வேலைக்குத்தான போயிருக்காங்க? செத்தா போயிட்டாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சட்டம் எனக்குத் தெரியுங்க" என்று சொல்லி, முள் கிடந்த எல்லா வீட்டுக்கும் 'ஆளில்லை' என்று எழுதினேன்.

சித்திரையில் எல்லோரும் திரும்பினார்கள். அந்த மருமகள் பள்ளிக்கூட வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கரும்புக்காட்டுக்கு ஒரு சார் நோட்டோட வந்தாருங்க. எங்களுக்கு மலைதான் ஊரு, எங்க மாமா அங்க எழுத வச்சிருப்பாருன்னு அனுப்பிட்டோம்." பிழைக்கப் போன இடத்தில் பெயரைக் கொடுத்தால் சொந்த ஊருக்கு ஆள் குறைந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் இல்லை. மணியடிக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஊருக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுப்பது நான்தான். மறுவருஷம் பதில் வந்தது: ஊரில் அதற்குத் தேவையான ஜனம் இல்லை. படித்துக் காட்டினேன். "யாரு சார் எண்ணுனது?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே மறந்திருக்கலாம். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் மருமகளுக்கு வலி கண்டது. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டிப் பூலாம்பாடிக்கு இறக்கினோம். அங்கிருந்துதான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ். பாதி மலையில் உதிரம் போக ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. "இன்னும் எவ்வளவு தூரம் சார்?" என்று என்னைத்தான் கேட்டாள். "வந்துட்டோம்மா" என்றேன். அடிவாரம் கண்ணுக்கே தெரியவில்லை. அவளும் வயிற்றுப் பிள்ளையும் அந்த வழியிலேயே போய்விட்டார்கள்.

ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த ஆடியில் ஊர்க்கவுண்டர் கூழுக்குச் சாமை அளந்தார். வீடு வீடாக, ஆளைச் சொல்லிச் சொல்லிப் பானையில் போட்டுக்கொண்டு வந்தார். மகன் வீடு வந்தது. மகனுக்கு ஒரு பிடி போட்டார். பழக்கத்தில் கை மறுபடியும் மூட்டைக்குள் போய் அள்ளிவிட்டது. பானைக்கு மேலே வந்த கை அப்படியே நின்றது. அப்புறம் மெல்லத் திரும்பி அந்தப் பிடியை மூட்டையிலேயே உதிர்த்துவிட்டார்.

அவர் கணக்கில் அவள் அன்றைக்குத்தான் குறைந்தாள். என் கணக்கில் அவள் ஏறவே இல்லை.