குசினிக் கதவு

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மணவறைச் சோடனையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டுக்கு என்ன கறி என்று விசாரிப்பார்கள். என் கண் முதலில் கதவுகளுக்குத்தான் போகும். என்ன செய்ய, பிழைப்பு அது. யாழ்ப்பாணத்தில் இப்போது மாடி மாடியாக எழும்பும் ஹோட்டல், கடைத்தொகுதி, மாணவர் விடுதி எல்லாவற்றிலும் தீத்தடுப்புக் கதவுகளைச் சோதித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை.

அந்தக் கதவில் பெரிய மாயமொன்றும் இல்லை. பாரமான கதவு. மேலே ஒரு இரும்புக் கை பூட்டியிருக்கும். திறந்தவர் போனதும் அது கதவை இழுத்துச் சாத்திவிடும். விளிம்பில் ஒரு பட்டி ஓடும். சூடு பட்டால் அது பருத்து இடைவெளியை அடைக்கும். ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தாலும் மற்றப் பக்கத்துச் சனம் வெளியே போக நேரம் கிடைக்கும். ஆனால் சாத்திய கதவைக் கண்டால் எங்கள் சனத்துக்கு ஆகாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு விடுதியில் மாடிக்கு மாடி கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கேட்டால், “காத்து வரட்டும் எண்டு விட்டது அண்ணை.” புகையும் அந்த வழியால்தான் வரும் என்று கத்திவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது செங்கல் இல்லை. அந்த இடத்தில் குரோட்டன் வைத்த பூச்சாடி ஒன்று இருந்தது. அழகுபடுத்திவிட்டார்களாம்.

இப்படிப்பட்டவனுடைய மகளுக்குக் கல்யாணம். உரும்பிராய்ப் பக்கம் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். முதல்நாள் பின்னேரம் எல்லோரும் பூவும் வாழைமரமுமாக ஓடித்திரிய, நான் போய்ப் பார்த்தது சமையல் நடக்கும் குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருந்த கதவை. நல்ல தீத்தடுப்புக் கதவு. அதை நைலோன் கயிற்றால் சுவர்க் கொளுவியோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே இருந்த இரும்புக் கையும் கழன்று தொங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அந்தக் கையை இறுக்கத் தொடங்கினேன்.

மாப்பிள்ளையின் தாய் கூறைத்தட்டுச் சாமான்களோடு அரியாலையிலிருந்து வந்திருந்தார். புருஷனைப் பறிகொடுத்துப் பல வருடங்களாகத் தனியே பிள்ளையை வளர்த்தவர். அதிகம் கதைக்க மாட்டார். கீழே நின்று கேட்டார்: “தட்டோடை வாற பெடியள் இதை எப்பிடி அண்ணை திறக்கிறது?”

“தோளாலை தள்ளலாம். திறந்து கிடந்தா இது கதவில்லை, ஓட்டை. குசினியிலை ஒண்டு பத்தினா, புகை நேரே மணவறைக்கு வரும்” என்றேன், கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான்.

என் மனைவி அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். “இஞ்சருங்கோ, நாளைக்கு நீங்கள் பொம்பிளையின்ரை தேப்பன். கதவு பாக்க வந்த ஆளில்லை. அதை மறந்திடாதேங்கோ.” சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஊர் வாய் எங்கள் இருவருக்கும் தெரியும். மணவறையில் பிள்ளை இருக்கும்போது ஏதும் ஒன்று நடந்துவிட்டால், யாருக்கும் கீறல்கூட விழாவிட்டாலும், அது பிள்ளையின் தலையில்தான் விடியும். அவள் வந்த நேரம் சரியில்லை என்பார்கள். பிறகு அந்த வீட்டில் ஒருவருக்குத் தலையிடித்தாலும் அதையே இழுத்துச் சொல்வார்கள்.

அடுத்தநாள் கன்னிகாதானம். மகளின் கை என் கைக்குள். மனைவி பக்கத்தில் செம்போடு. மாப்பிள்ளை பக்கத்துக்குத் தாய் இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். விதவை மணவறைக்கு வரக்கூடாதாம். யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அவராகவே கடைசி வரிசைக் கரையில், குசினிக் கதவுக்குக் கிட்டப் போய் இருந்துவிட்டார்.

ஐயர் மந்திரம் சொல்ல, நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். மணவறை உயரம் என்பதால் சனத்தின் தலைகளுக்கு மேலால் குசினிக் கதவு தெரிந்தது. அரைவாசி திறந்து கிடந்தது. காரணத்தைப் பார்த்ததும் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாகனங்களைப் பின்பக்கம் நிறுத்திவிட்டுக் குசினி வழியால் வந்த உறவுக்காரரெல்லாம் செருப்போடு மணவறைப் பக்கம் வரக்கூடாதென்று கதவடியிலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். செருப்புக் குவியல் கதவை நகரவிடாமல் பிடித்திருந்தது. பக்தியான சனம்.

அப்போதுதான் கதவின் மேல்பக்கத்தால் புகை எட்டிப் பார்த்தது. ஆவி இல்லை. கறுத்த புகை.

என் நாக்கு நின்றுவிட்டது. ஐயர் மந்திரத்தை இரண்டாம் தரம் சொன்னார். “சொல்லுங்கோ” என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

“கதவு” என்றேன்.

“கதவு கிடக்கட்டும்.”

எழும்பினால் தாரைவார்ப்புக் குழம்பும். கத்தினால் சனம் வெருண்டு எழும்பும், குழந்தைகள் மிதிபடும். பேசாமல் இருந்தால் புகை வரும். மகளின் கை என் கைக்குள் வியர்த்தது. இல்லை, வியர்த்தது என்னுடைய கைதான்.

கடைசி வரிசையில் ஒரு வெளிறிய பட்டுச்சேலை எழும்பியது. குனிந்தது. செருப்புகள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் பறந்தன. கதவு மெல்ல அசைந்து, தன்பாட்டில் வந்து, சாத்திக்கொண்டது. மேளச் சத்தத்தில் பூட்டு விழுந்தது கேட்கவில்லை. மிச்ச மந்திரத்தை நான் சொன்ன சத்தத்தில் ஐயரே திடுக்கிட்டார்.

மகள் கூறைச்சேலை மாற்றப் போனதும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கதவுக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய், இரண்டு கையிலும் யாரோ ஒருவரின் செருப்புகளோடு நின்றார். கதவை இழுத்துக் குசினியை எட்டிப் பார்த்தேன். யன்னல் வழியாகப் புகை வாழைத் தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. “பயப்பிடாதேங்கோ ஐயா, எண்ணெய் பத்தினது. காஸை நிப்பாட்டி, தாச்சியை மூடியாச்சு. ஒரு ஈடு வடைதான் போச்சு” என்றார் சமையல்காரர்.

மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வடை தீய்ந்த மணம் வருகுது என்று ஒரு பெரியவர் மட்டும் முணுமுணுத்தார்.

“தங்கச்சி, வாங்கோ. தாலி கட்டப்போறாங்கள்” என்றேன்.

“நீங்கள் போங்கோ அண்ணை. திரும்பவும் ஆரும் வந்து செருப்பைக் கழட்டிவிடுவினம். நான் இதிலை நிண்டு பாக்கிறன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த நேரத்திலை நான் முன்னுக்கு நிக்கிறது வடிவில்லைத்தானே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை. என் பிள்ளைக்கு வரவிருந்த கெட்ட பேரைக் கையால் அள்ளி எறிந்துவிட்டு நிற்கிறவருக்கு, முன்னால் வரக்கூடாதாம். அவர் கையிலிருந்த செருப்புகளை வாங்கிச் சுவரோரம் எறிந்தேன்.

“இது தானாய்ச் சாத்துற கதவு. இதுக்குக் காவல் நிக்க ஆள் தேவையில்லை. வாங்கோ.”

மண்டபத்தின் நடுவால் கூட்டிக்கொண்டு போனேன். யாரோ குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், நகர்ந்து அவருக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

கெட்டிமேளம் தொடங்கியது. தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை, நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான். அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவன் முகம் மாறிப்போனது. “தம்பி, இஞ்சை” என்றேன். திரும்பி, ஒரு முழத் தூரத்தில் நின்ற தாயைக் கண்டான். கண்ட பிறகுதான் கட்டினான்.