டிராக்டர் ஷெட்டில் ஒரு ராக் பேண்ட்

வாடகைக்கு இடம் கேட்டுப் போய், "டிரம்ஸ் அடிப்பேன்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு எங்கள் தொழிலின் முதல் கஷ்டம் தெரிந்திருக்கும். நாங்கள் மூன்று பேர். நான் டிரம்ஸ். கிட்டார் முருகேசன். பாடுவது தனலட்சுமி, அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலை. பாலவனத்தத்தில் முருகேசனின் அப்பா டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஷெட்டை விட்டுக்கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் ஆரம்பித்தோம்.

முதல் ரசிகர்

கிட்டார் ஒலியைக் கரகரவென்று உறும விடுவதுதான் எங்கள் பாணி. முதல் ஞாயிறு முருகேசன் அப்படி உறும விட்டபோது, டிராக்டரோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். லீவு என்று முருகேசனின் அப்பா சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. ஷெட்டுப் பக்கமே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் வண்டி கெடக்கட்டும்ணே, உள்ள ஒண்ணு உசுரு போற மாதிரி கத்துது, மொதல்ல அதப் பாருங்க!"

மூன்று கார்டு

முருகேசன் போனைப் பார்த்து, கிட்டார் கம்பிகளை விரலால் சேர்த்துப் பிடிக்கும் கார்டு மூன்று கற்றுக்கொண்டான். நாலாவதற்குப் போனால் விரல் பின்னிக்கொள்ளும். அதனால் எங்கள் பாட்டு எல்லாமே அந்த மூன்றில்தான், தடுமாற்றம் தெரியாத வேகத்தில்.

வரிகள் தனலட்சுமியுடையவை. நின்று நின்று வீங்கிய கால், வராத மினி பஸ், காய்ந்த கண்மாய் என்று எழுதுவாள். கடையில் "வாங்கக்கா, பாருங்கக்கா" என்று பூப்போலப் பேசுகிறவள், மைக்கைப் பிடித்தால் தொண்டை கிழியக் கத்துவாள். ஏன் என்று கேட்டேன்.

"ஆறு நாளு அடக்கி வச்சத ஏழாம் நாளு எறக்கி வைக்கிறேண்ணே."

பரளச்சி மேடை

பரளச்சியில் கோயில் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்றார் கமிட்டிக்காரர். எங்களுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன.

கூட்டம் எங்களையே பார்க்கிறது. வேர்வையில் என் கையில் குச்சி வழுக்குகிறது. தனலட்சுமி திரும்பி, "பஸ்ஸுப் பாட்டு" என்றாள். அடித்தோம். முடிந்தபோது ஒரு கைத்தட்டல் இல்லை. இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது. அப்போது காட்டு வேலை முடித்து வந்த கோலத்தில் முன்னால் நின்ற ஓர் அக்கா குரல் கொடுத்தார்.

"நாங்க தெனம் நிக்கிற நெலமைய அப்படியே சொல்லிட்ட, இன்னொருக்காப் பாடு தாயி!"

பெண் பார்க்க வந்தவர்கள்

திருச்சுழியிலிருந்து தனலட்சுமிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பாடுவதைக் கல்யாணம் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவள் அம்மா. அவள் கேட்கவில்லை. மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் ஷெட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். அவள் பாடுவதை விட்டுவிட்டால் பேண்டே இல்லை. "இன்னிக்கு மட்டும் மெதுவா அடிக்கட்டுமா?" என்றேன்.

"வழக்கம்போல அடிண்ணே. மறைச்சுக் கட்டிக்கிட்டு நான் என்ன செய்ய?"

அடித்தேன். அவளும் ஒரு சுருதி குறைக்காமல் கத்தினாள். மாப்பிள்ளை காலால் தாளம் போட்டார். அவர் அம்மா முகத்தில் மட்டும் ஓர் அசைவும் இல்லை. பாட்டு முடிந்ததும் சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வீட்ல உப்பு எங்க இருக்குன்னு கேக்குறதே இந்தச் சத்தத்துலதான். நீ பாடும்மா."

ஊர் விரட்டிவிடும் என்று பயந்து பேண்ட் ஆரம்பித்த எங்களுக்கு, பேசியே டிரம்ஸை அமுக்கிவிடும் ஒரு மாமியார் ஞாயிறுதோறும் மருமகளோடு பஸ் ஏறி வந்துவிடுகிறார் என்பதுதான் இதுவரைக்குமான வரலாறு.