வாசித்துக் காட்டும் பிளக்-இன்

காஞ்சிபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். திங்கள்கிழமை மனு வாங்கும் நாள். மக்கள் வெளியே டைப் அடித்துக் கொண்டுவரும் மனுக்களைப் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்கேன் செய்து அனுப்புவார். நான் அதைத் திறந்து பெயர், முகவரி, கோரிக்கை எல்லாவற்றையும் இணையதளத்தில் பதிந்து, ரசீது எடுத்துக் கொடுக்க வேண்டும். பல வருடங்களாக இதே நாற்காலி.

நாற்பத்தாறு வயதில் என் பார்வையின் நடுப்பகுதி மங்க ஆரம்பித்தது. எதிரில் நிற்பவரின் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் புகைபோல ஒன்று நிற்கும். சென்னையில் பார்த்த கண் மருத்துவர், போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வீட்டில் சொன்னேன். அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் பதிவறைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம். அதைவிட, வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடி, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இரண்டு பிளக்-இன்களைக் கண்டுபிடித்தேன். ஒன்று எழுத்தைப் பெரிதாக்கும். இன்னொன்று திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும். ஸ்கேன் செய்த பக்கத்தைக்கூட ஓரளவு வாசிக்கும். அலுவலகக் கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, முடியை இழுத்து மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணின் குரல், எந்த மனுவையும் ஒரே தொனியில் வாசிக்கும். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வதாகப் பிரிவில் பேச்சு இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடம் அப்படி ஓடியது.

பிறகு ஒரு திங்கள்கிழமை, மனுவைத் திறந்ததும் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். பாதி பதிந்ததும் மறுபடி மூடிக்கொண்டது. அடித்ததெல்லாம் போனது. அன்று மாலைக்குள் எத்தனை தடவை அப்படி ஆனது என்று எண்ணவில்லை. வரிசையில் நின்றவர்கள் கால் வலித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தார். சிஸ்டம் பார்க்கிறவரைக் கூப்பிடலாமே என்றார். அவர் வந்தால் முதலில் பார்ப்பதே பிளக்-இன் பட்டியலாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நெட் சரியில்லை சார், சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன்.

மூன்று வாரம் அப்படிச் சமாளித்தேன். பழைய தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். பிரவுசரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். என் வீடு இருக்கும் வாலாஜாபாத்திலிருந்து வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்து, கூட்டம் வருவதற்குள் கொஞ்சம் பதியப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை, வேலை தேங்கிவிட்டது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பிளக்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று இணையத்தில் படித்திருந்தேன், அதாவது கேட்டிருந்தேன்.

மொத்தம் ஏழு இருந்தன. ஐந்து என்னுடையவை அல்ல, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் போட்டவை. அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் பழைய மனு ஒன்றைத் திறந்தேன். ஐந்தையும் நிறுத்திய பிறகும் பிரவுசர் மூடிக்கொண்டது. பெரிதாக்குவதை நிறுத்தினேன். அப்போதும் மூடிக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை உடனே நிறுத்தக் கை வரவில்லை. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து நிறுத்தினேன். குரல் போயிற்று. பிரவுசர் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பெரிதாக்குவதை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள்கிழமை பிரவுசர் ஒரு முறைகூட நிற்கவில்லை. கண்காணிப்பாளருக்குத் திருப்தி. நான் ஒவ்வொரு எழுத்தையும் கடைக்கண்ணால் பிடித்து, ஊகித்து, அடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் தலை வெடிக்கும்போல வலித்தது. அப்போது, ரசீது வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் திரும்பி வந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி போட்டிருக்கும் குடும்பம். பக்கத்து வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் தறிக்குழிக்குள் இறங்குகிறது என்று மனு கொடுத்திருந்தாள்.

"எங்க வீடு பதினாறும்மா. இதுல பதினெட்டுன்னு போட்டிருக்குது," என்றாள்.

திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் ரசீதைக் கொடுக்கவில்லை.

"பதினெட்டுதாம்மா அந்தப் பக்கத்து வீடு. தண்ணிய உடறதே அவங்கதான். அவங்க பேர்ல மனு போனா எங்களை யாரு வந்து பார்ப்பாங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஆறும் எட்டும் எனக்கு ஒரே கறையாகத் தெரிந்திருக்கின்றன. அன்று காலையிலிருந்து இன்னும் எத்தனை வீட்டு எண்களை மாற்றி அனுப்பியிருப்பேன்? அவளுக்குத் திருத்திக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம், காலையிலிருந்து பதிந்ததை எல்லாம் என்னோடு சரிபார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். கண்ணைப் பற்றி, இயர்போனைப் பற்றி, எல்லாவற்றையும்.

அவர் ஸ்கேனரை மூடி வைத்தார். பிறகு, "ரெண்டு வருசமா பஸ் ஸ்டாண்டுல எதிர்ல வந்தாகூட பேசாம போய்க்கினு இருந்தீங்க மேடம். எம்மேல என்னவோ கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றார்.

எனக்கு அது தோன்றியதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் விடுங்க என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று ஒன்பது பிழைகளைக் கண்டுபிடித்தோம்.

புதன்கிழமை சிஸ்டம் பார்க்கிறவர் வந்தார். நானே கூப்பிட்டிருந்தேன். வாசிக்கும் பிளக்-இன்னைப் பார்த்துவிட்டு இது யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அதை உருவாக்கியவர்கள் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள், பிரவுசர் மட்டும் புதிதாகிக்கொண்டே போகிறது, ஸ்கேன் பக்கத்தை வாசிக்கப் போகும்போது தாங்காமல் விழுந்துவிடுகிறது என்று விளக்கினார். ஸ்கேன் பக்கங்களில் மட்டும் அது வேலை செய்யாதபடி அமைத்துக் கொடுத்தார். மற்ற இடங்களில் வாசிக்கும். மனுவை மட்டும் யாராவது வாசித்துக் காட்டவேண்டும்.

கண்காணிப்பாளரிடம் என் பார்வையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, மருத்துவச் சான்றிதழ் வாங்கி இணைத்துவிடுங்கள் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். பதிவறை என்ற பேச்சு எழவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று அன்று யோசித்தேன். நிம்மதிகூட வரவில்லை. அசதிதான் வந்தது.

இப்போது திங்கள்கிழமைகளில் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்கேன் செய்துவிட்டு, மனுவைக் கையில் வைத்து வாசிக்கிறார், நான் அடிக்கிறேன். வேகம் குறைவு. அவருக்கு இடையில் கருத்துச் சொல்லும் பழக்கம் உண்டு, சில நாள் எரிச்சலாக வரும். பழைய குரல் எந்த மனுவையும் ஒரே மாதிரி வாசித்தது. இவர் அப்படி இல்லை. போன வாரம், மகன் சோறு போடுவதில்லை என்று ஒரு தாய் கொடுத்த மனுவை வாசிக்கும்போது, வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி குரலை இறக்கிக்கொண்டார். நானும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ரசீதை அந்த அம்மாவிடம் கொடுத்து, முகவரி சரியா பாருங்கள் என்றேன். சரி என்றார். அடுத்த மனுவை எடுத்தோம்.